மீன்கடை ஐஸ்

மூடியைத் திறந்ததும் மீன் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

உன்னுடைய தெர்மாகோல் பெட்டிதான். ஒரு மூலை உடைந்து, அதன்மேல் நீ சுற்றிய பழுப்பு டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் மகள் பவித்ரா அதை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் இறக்கினாள். "சித்தப்பா, மொதல்ல கால உள்ள வையுங்க. மத்தத அப்பறமா பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். நாளை மறுநாள் அவளுக்குக் கல்யாணம். கை நிறைய மருதாணி சிவந்திருக்கிறது, அந்தக் கையோடு மீன்கடைக்குப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வருகிறாள். உன் பெண் வேறு எப்படி இருப்பாள்!

நீ போன பிறகு வந்திருக்கும் முதல் வெயில் காலம் இது. காலையிலேயே ரேணிகுண்டாவில் தண்டவாளம் கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. என் கால் இரண்டும் பிளாஸ்டிக் டப்பில், ஐஸ் தண்ணீரில் இருக்கின்றன. மடியில் பலகை, பலகைமேல் காகிதம். நாலு வரி எழுதுவதற்குள் இடுப்பு கேட்கிறது, எழுந்திரு என்று. எழுந்தால் கால் கேட்கிறது, உட்கார் என்று. வீட்டுக்குள் மூன்று நாற்காலி இருக்கிறது, மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். "செத்த நேரம் சும்மா தான் இரேன்" என்கிறாள் சாந்தா. சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும் என்று என் மனைவிக்கு இத்தனை வருடத்தில் தெரியாதா! உடம்பு படுத்துவிட்ட பிறகு மனசுக்கு மட்டும் இரட்டைக் கால் முளைத்துவிடுகிறது, உட்கார விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பவித்ராவைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நீ. நீ இல்லை. ஒற்றையாக நிற்கும் அண்ணி அதைச் செய்ய ஊர் வழக்கம் விடாது. அதனால் உன் இடத்தில் நானும் சாந்தாவும் உட்கார வேண்டும் என்று அண்ணி வந்து கேட்டார்கள். அண்ணியின் தம்பி இருக்கிறார், நல்ல திடமான ஆள், அவர் செய்யட்டும் என்றேன். அண்ணி தலை குனிந்துகொண்டார்கள். "நான் இன்னா பண்றது தம்பி. பொண்ணு ஒத்துக்க மாட்டேங்கறா. நைனா எடத்துல சித்தப்பா தான்னு ஒரே பிடியா நிக்கறா." நான் பதில் சொல்வதற்குள் சாந்தா, "நாங்க வரோம் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் சண்டை.

என் வலது கை இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நோய் இன்னொரு முறை வந்து தாக்கிவிட்டுப் போனது. ஒரு பொருளைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், இந்தப் பேனாவைக்கூட. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினால் டம்ளர் தரையில். தாரை வார்க்கும்போது மாப்பிள்ளை கைமேல் பெண்ணின் கை, அதன்மேல் வெற்றிலையும் தேங்காயும், எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்க வேண்டியது பெண்ணைப் பெற்றவன் கை. பக்கத்தில் ஓமம் எரியும். சூடு பட்டால் என் உடம்பு என்ன ஆகும் என்பது உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? சபையில் தேங்காய் கைநழுவி உருண்டால் அதை யார் நோய் என்பார்கள்? அபசகுனம் என்பார்கள், இல்லாவிட்டால் மிலிட்டரிக்காரன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பார்கள். இரண்டும் உன் பெண் தலையில்தான் விடியும். முடியாது என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லி அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

*

நாம் முதலில் பேசிக்கொண்டது ரெஜிமெண்டில் குழாயடியில். நீ குப்பம் பக்கம் சாந்திபுரம், நான் நாராயணவனம் பக்கம். அங்கிருந்த தமிழ்நாட்டுப் பையன்கள் நம்மைத் தெலுங்கன் என்றார்கள், தெலுங்குப் பையன்கள் அரவாடு, அதாவது தமிழன் என்றார்கள், வடக்கத்தியான் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு மதராஸி என்றான். "நம்ப ரெண்டு பேர எவனும் சேத்துக்க மாட்டான் போலக்குது. நம்பளே சேந்துக்கலாம்" என்றாய். இரண்டு பேர் வீட்டிலும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரில் அடுத்தவன் வரப்பில் நடந்து வளர்ந்தவர்கள், இங்கே அரசாங்கத்தின் பூட்ஸில் நடக்க வந்தோம்.

பிறகு பனிமலைப் போஸ்ட். மேலே போனதும் ஆளுக்கு ஒரு ஜோடி என்று பிரித்துவிடுவார்கள். ஜோடியின் கால்விரலை இவன் பார்க்க வேண்டும், இவன் விரலை அவன் பார்க்க வேண்டும். அது கட்டளை. தன் விரல் மரத்துப்போவது தனக்குத் தெரியாது, அதனால். ஒரு நாள் என் இடது கால்விரல்கள் வெளுத்துப்போய்க் கல் மாதிரி ஆகிவிட்டன. எனக்கு வலிக்கவே இல்லை, அதனால் பயமும் இல்லை. நீதான் பார்த்துவிட்டு அலறினாய். உன் கோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, அந்தக் காலை உன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டாய். உன் பல் கிட்டித்தது. அப்படியே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். "காலு இருந்தா தான்டா ஊருக்குப் போலாம். அசைக்காம வைடா." விரல்கள் பிழைத்துக்கொண்டன. இப்போது டப்பில் பார்க்கிறேன், ஐந்தும் இருக்கின்றன.

கீழே இறங்கி வெகு நாள் கழித்துத்தான் இது ஆரம்பித்தது. ஒரு கண்ணில் திடீரென்று புகை மூட்டம். அது சரியானது. அப்புறம் காலை அணிவகுப்பில் இடது பாதம் தொங்கிப்போய் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. ஹவில்தார் கத்தினார். எனக்குப் பின்னால் நின்ற நீ உதடு அசையாமல் சொன்னாய், "கதம் தால் போடுடா. நின்ன எடத்துலயே காலத் தூக்கிப் போடு, வந்துடும்." கதம் தால் என்றால் முன்னே போகாமல் இருந்த இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது, பரேடில் எல்லோரும் போடுவதுதான். விநோதம் பார், போட்டேன், வந்தது. நடக்கச் சொன்னால் நகராத கால், தாளத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது. இன்றைக்கும் நடுவழியில் கால் ஒட்டிக்கொண்டால் அதைத்தான் செய்கிறேன். ரேணிகுண்டா பஸ் ஸ்டாண்டில் பார்ப்பவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று ஒதுங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மெஷினுக்குள் தள்ளி எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். நம் உடம்பே நம் நரம்பின் மேல்தோலை எதிரி என்று நினைத்துத் தின்கிறதாம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. போன் லைன் இழுக்கிற வேலை பார்த்த உனக்குத்தான் உடனே பிடிபட்டது. "ஒயரு மேல இருக்கற ரப்பரு உரிஞ்சிக்கினு போச்சுன்னா கரெண்டு ஒயுங்கா போவுமா? அதான்டா" என்று எனக்கு விளக்கினாய். அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றி யார் எவ்வளவு சொன்னாலும் என் மண்டையில் ஓடுவது உன் ஒயர்தான்.

மெடிக்கல் போர்டு என்னை வீட்டுக்கு அனுப்பியது. புறப்படும்போது டாக்டர் இந்தியில் சொன்னார், உஷ்ணத்திலிருந்து உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று. வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தோமே. சித்தூர் ஜில்லாக்காரனிடம் வெயில் படாமல் இரு என்றால் அவன் எங்கே போய் ஒளிவான்? அதை ஒரு வைத்தியமாகவே நாம் காதில் வாங்கவில்லை.

*

ஊரில் நான் பட்டது வேறு. பட்டாளத்துக்காரன் நொண்டிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் ஒரு குண்டு வேண்டும். எங்கே பட்டது, எந்தச் சண்டையில், எடுத்துவிட்டார்களா, உள்ளேயே இருக்கிறதா? ஒன்றும் படவில்லை, இது ஒரு நோய் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஏமாற்றிவிட்டேன் போல என்னைப் பார்ப்பார்கள். குண்டு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் பாட்டில்தான். நான் தள்ளாடி நடப்பதைப் பார்த்து, "கேன்டீன் சரக்கு, காலயிலயே ஏத்திக்கினு வந்துட்டாரு" என்று கடைத்தெருவில் என் காதுபடவே சொல்வார்கள். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் பங்கு பாட்டிலெல்லாம் எந்த வயிற்றுக்குள் போனது என்று உனக்குத் தெரியும். அந்த வயிற்றில்தான் என் கால் பிழைத்தது என்பதால் நான் கணக்குப் பார்த்ததில்லை.

நீ அடுத்த வருடம் பென்ஷனில் வந்தாய். சாந்திபுரம் போய் உன் அண்ணனோடு சேர்ந்து குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்ப்பதாகத்தான் பேச்சு. ஆனால் ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்துவிட்டாய். பவித்ராவின் படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னாய். ரேணிகுண்டாவிலிருந்து என் ஊருக்கு ஒரே பஸ் என்பதை மட்டும் சொல்லவில்லை.

லீவு நாள் தவறாமல் என்னைப் பார்க்க வந்தாய். வந்து பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கும் வந்தாய். "பனி உள்ள எறங்கி நிக்குதுடா. நம்ப இருந்த எடம் அப்டி. சூடு குடுத்தா தான் வெளிய வரும்." யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? உறைந்த காலை நீ சூடு கொடுத்து மீட்டதை ஊரே கேட்டிருந்தது. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மலையில் பிழைத்த வழி அது ஒன்றுதானே.

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. பின்கட்டில் வெயில் நேராக இறங்கும் இடத்தில் ஆற்று மணலைக் கொட்டி, காய்ந்ததும் என்னை அதில் இடுப்புவரை புதைத்தாய். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாய். தவிட்டை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தாய். பக்கத்திலேயே நீயும் பனியனோடு வெயிலில் உட்கார்ந்துகொண்டாய், எனக்குத் துணையாக. ஒவ்வொரு வாரமும் நான் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். ஊன்றி நின்றுகொண்டிருந்த கால் நிற்காமல் போனது. ஸ்பூன் தூக்க முடியவில்லை. கண்ணில் பழைய புகை வந்து உட்கார்ந்தது. "எறங்குதுடா, பனி எறங்குது. எறங்கும்போது அப்டி தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு மூட்டையை இன்னும் கொஞ்சம் சூடாக்கினாய். உன் முகத்தில் வேர்வை வழியும், அதற்குள் ஒரு சந்தோஷம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று திருப்பதிக்குக் கிளம்பினோம். பஸ் மாறுவதற்காக ரேணிகுண்டாவில் இறங்கி நடக்கும்போது மார்க்கெட் முனையில் நான் சுருண்டு விழுந்தேன். உச்சி வெயில். என்னைத் தூக்கி வைக்க நிழலாக இருந்தது மீன்கடை ஒன்றுதான். பெஞ்சு கிடையாது. மீன் அடுக்கும் மேடையில் ஐஸைத் தள்ளிவிட்டு அதன்மேலேயே என்னைச் சாய்த்தாய். கடைக்காரர், "யோவ், இன்னாய்யா பண்ற, வஞ்சிரம் இருக்குதுய்யா அங்க!" என்று கத்தினார். ஐஸ் தண்ணீர் வேட்டி, சட்டை எல்லாவற்றிலும் ஏறியது. நீ ஆட்டோ பிடிக்க ஓடினாய்.

நீ திரும்பி வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். கண் தெளிந்திருந்தது, எதிர்க்கடையின் தெலுங்கு போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாசல்வரை நானே நடந்து வந்தேன். நீ ஆட்டோவிலிருந்து இறங்காமல் என் காலையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் மூஞ்சி போன போக்கு எனக்கு மறக்காது. "அடப்பாவி... உன்ன நான் தான் வேக வெச்சிக்கினு இருந்தனா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். மீன் செதில் ஒட்டிய சட்டையோடு தெருவில் நின்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

திருப்பதியில் அந்த டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். உரிந்துபோன நரம்பு சூட்டில் இன்னும் மந்தமாகும், குளிர்ந்தால் பழையபடி ஆகும், ஒத்தடத்தால் நிரந்தரமாக எதுவும் கெட்டுவிடவில்லை, நோய் தன் போக்கில்தான் போகிறது என்றார். உனக்கு அதில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க நீ என்னைக் கேட்டாய், "அந்த வேசவி வெயில்ல நான் சும்மா இருந்திருந்தா, நீ இன்னும் நல்லா நடந்துக்கினு இருப்பியா?" நான் இல்லை என்பேன். நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த மாதம் திரும்பக் கேட்பாய்.

அதற்கப்புறம்தான் உன் தெருவுக்குப் பின்சந்தில் எனக்கு வீடு பார்த்தாய். மாசி முடிந்து வெயில் ஏறியதும் தினமும் ஐஸ். டியூட்டிக்குப் போகும் முன்னால், நீல யூனிபாரத்தில், இந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வருவாய். மீன்கடைக்காரர் உனக்குச் சிநேகிதராகிவிட்டார். எங்கள் வீட்டில் மீன் சமைக்காத நாளிலும் மீன் வாசனை. "ஐஸ் பேக்டரில போய் நல்ல ஐஸா வாங்கேண்டா" என்றால், "உனக்கு கால் குடுத்தது இந்த ஐஸ் தான். ராசிய மாத்தக் கூடாது" என்பாய். மூட நம்பிக்கை என்று திட்டுவேன். பஸ்ஸில் எனக்கு இடம் கேட்க, "குண்டு பட்ட காலுங்க, எழுந்து குடுங்க" என்று கூசாமல் பொய் சொல்வாய், அதற்கும் திட்டுவேன். ஒவ்வொரு முறையும் குண்டு வேறு வேறு இடத்தில் பட்டிருக்கும். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போவது இவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன கார்த்திகையில், கம்பெனி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். நெஞ்சு. வியாதிக்காரன் நான் இருக்க, மலைபோல் இருந்த நீ. உன் பாடையில் ஒரு கை கொடுக்க எனக்கு ஆகவில்லை. பின்னால் ஆட்டோவில் வந்தேன். சுடுகாட்டில் ஒரு சல்யூட் வைக்க எழுந்தேன், சாய்ந்தேன், யாரோ பிடித்தார்கள். "இன்னிக்குமா குடிப்பாரு மனுசன்" என்று ஒரு குரல் கேட்டது. நீ இருந்திருந்தால் அவனுக்கு ஒரு குண்டுக் கதை சொல்லியிருப்பாய்.

அதனால்தான் பயப்படுகிறேன், இப்போது புரிகிறதா? இந்தக் காகிதம் முடிந்தது. ஐஸும் கரைந்துவிட்டது. முடியாது என்று சொல்லி அனுப்ப போனை எடுத்தேன், பவித்ரா எண்ணைப் போட்டேன். "கால் வந்துச்சா சித்தப்பா?" என்றாள் எடுத்ததும். நீ கேட்பாயே, அதே கேள்வி, அதே குரல். வந்துச்சும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

*

கல்யாணம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாராயணவனத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சத்திரம். மாப்பிள்ளை திருத்தணிப் பக்கம், ஸ்ரீசிட்டியில் வேலை. நல்ல பையன், அதிர்ந்து பேசுவதில்லை. அவன் அப்பா மட்டும் கொஞ்சம் முறுக்கான ஆள். காலை முகூர்த்தம்தான், ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே ஊரே நிறைந்திருக்க, நடுவில் ஓமம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். மீன்கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், உன் பெட்டியோடு. "புது ஐஸ் சார். மீன் மேலயே படல" என்று சத்தியம் செய்தார். ஐஸ் மேல் மீன் படவில்லைதான், ஆனால் உன் பெட்டியில் எத்தனை வருட மீன் ஊறியிருக்கிறது! சாந்தா ஐஸைப் பையில் கட்டி என் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, மூக்கைச் சுளித்து, "ஏமண்டி, சேபல வாசன வஸ்துந்தே?" என்று தெலுங்கில் கேட்டார். மீன் வாசனை எங்கிருந்து என்று அக்கம்பக்கம் எல்லோரும் தேடினார்கள். பவித்ரா தலை நிமிராமல், "எங்க நைனா வந்துக்கினு இருக்காரு சாமி, நீங்க சொல்லுங்க" என்றாள். ஐயருக்குப் புரியவில்லை. மந்திரத்தைத் தொடர்ந்தார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. கை மேல் கை, வெற்றிலை, தேங்காய். கண்ணை எடுக்காமல் என் கையையே பார்த்தேன். புகை கண்ணில் ஏறியது, பழைய மூட்டம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பார்வை போனால் பிடிப்பும் போகும். என் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அந்த நிமிடத்தில் சாந்தா சொம்பைச் சாய்த்தாள். அது ஐஸ் தண்ணீர்! கலசத் தண்ணீரோடு ஐஸ் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள், இவளும் உன் மகளும் பேசிவைத்துக்கொண்டு. மாப்பிள்ளை "ஸ்ஸ்" என்று துள்ளினான். என் கையில் அந்தக் குளிர் சுரீரென்று தெரிந்தது. தொட்டால் தெரியாத கைக்குக் குளிர் மட்டும் தெரிந்தது. அதற்குள்ளே என் விரல்கள் இருந்தன, விரல்களுக்கு மேலே உன் பெண்ணின் கை இருந்தது. தேங்காய் அசையவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கொடுத்தவர்கள் எழுந்து பின்னால் போக வேண்டும், அப்போதுதான் நாத்தனார் வந்து தாலி முடிய இடம். நான் எழுந்தேன். இடது கால் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், உடம்பு சாய்ந்தது. கெட்டிமேளத்துக்குக் கை ஓங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பட்டாளத்து ஆளு, போட்டுக்கினே வந்துட்டாரு போல" என்றார். இதற்குத்தானே பயந்தேன்.

பவித்ரா நிமிர்ந்தாள். கழுத்தில் இன்னும் தாலி ஏறவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. "மாமா, எங்க சித்தப்பா ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு. அவரு பங்கையும் சேத்து எங்க நைனா தான் குடிச்சாரு." மண்டபம் குலுங்கிவிட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்து, அப்படியே அழுதார்கள். "இவருக்கு நரம்புல வியாதி. குண்டும் படல, குடிக்கவும் இல்ல. சூட்டுல காலு வராது, செத்த நில்லுங்க, வரும்." பெரியவர் முகம் செத்துப்போய் எழுந்து என் பக்கம் கை நீட்டினார். அவள் அதற்குள் என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, கதம் தால்."

போட்டேன். உன் பெண்ணின் மணவறையில், பட்டு வேட்டியோடு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தவில்காரருக்கு என்ன தோன்றியதோ, என் காலுக்கு மெல்ல ஒரு தட்டு கொடுத்தார். கால் வந்தது. பின்னால் போய் நின்றேன். தாலி ஏறியது.

இன்று காலை திருத்தணிக்குப் புறப்படும்போது பவித்ரா, "ஐஸுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றேன். பொய். அவள் வண்டி திரும்பியதும் உன் பெட்டியில் ஒரு கயிற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு நானே மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டுமே! வழியில் நின்றேன், மிதித்தேன், நடந்தேன். கடைக்காரர் ஐஸை அள்ளிப் போட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் கேள்விக்கு எத்தனையோ முறை பதில் சொன்னேன், நீ ஒரு முறையும் நம்பவில்லை. இப்போதாவது கேட்டுக்கொள். இந்த விரல்கள் உன் வயிற்றில் பிழைத்தவை. இந்தக் கால்கள் உன் ஐஸில் நடந்தவை. நடுவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கோடையில் தப்புப் பண்ணினோம், அவ்வளவுதான். போன இடத்திலும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு திரியாதே. பெட்டியை இறக்கி வை. தூக்க எனக்கு ஆகாது, உனக்கே தெரியும். தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டு. மிலிட்டரி காலையிலேயே ஏற்றிக்கொண்டது என்று யாரோ சொன்னார்கள், சொல்லட்டும். சந்து திரும்பும்போது ஒரு முறை குனிந்து பார்த்தேன். கயிறு என் கையில்தான் இருந்தது.